திரும்பும் வழியில்

சென்னையின் தென்பகுதியில், பெருங்குடியை ஒட்டிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பரந்துகிடக்கிறது. குளிர்காலந்தோறும் வட ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்துகள் இங்கு வருகின்றன. வெயில் ஏறத் தொடங்கியதும் திரும்பிச் செல்கின்றன. புறப்படுவதற்கு முந்தைய நாள்களில் அவை ஓயாமல் இரை தேடும். உண்டது கொழுப்பாக உடலில் சேரும். நெடுவழிப் பறத்தலுக்கு அதுவே ஆற்றல். தங்கிய இடத்தின் கடைசி நாள்கள் அவற்றுக்குத் திரும்பும் வழியின் முதல் நாள்கள்.

மனிதரின் பயணத்திற்கும் இது பொருந்தும். முதுகில் ஒரு பையுடன் அயல்நாட்டுக்குத் தனியே செல்பவருக்குத் தொடக்கத்தில் எல்லாமே வியப்பு. ஒரே நாளில் ஊர் முழுவதையும் பார்த்துவிடக் கால்கள் பரபரக்கும். இறுதி நாள்களிலோ நடை தளர்கிறது. கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டியிருக்கிறது. அதற்குள், பெயர் தெரியாத தேநீர்க் கடைக்காரர் கேளாமலே கோப்பையை நீட்டும் அளவுக்குத் தெரு பழகிவிட்டது. பிரிவதற்கும் மனமில்லை, வீட்டு நினைவும் விடுவதில்லை. உடன்பேச ஒருவரும் இல்லாத அந்த இரவுகளில், 'இத்தனையும் கண்டாயே, கொண்டு செல்வது யாது?' என்று மனம் கேட்கத் தொடங்குகிறது.

அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ஏ. கே. செட்டியார். 1911ஆம் ஆண்டு கோட்டையூரில் பிறந்த அவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றார். படிப்பு முடிந்து நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் சென்றுகொண்டிருந்தார். அன்று 1937, அக்டோபர் 2, காந்தியடிகளின் பிறந்தநாள். கடல் நடுவே, அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் பிறந்தது. ஒரு பயணத்தின் முடிவு மற்றொன்றின் தொடக்கமாயிற்று. ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் சுற்றி, 50,000 அடி நீளப் படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940இல் அப்படம் தமிழில் வெளிவந்தது.

உலகைச் சுற்றிய அவர் சொந்த மண்ணைச் சிறியதாகக் கருதவில்லை. 1943இல் 'குமரி மலர்' இதழைத் தொடங்கினார். தமிழ்நாட்டைப் பற்றிப் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். தம் எழுத்தில் தம்மை முன்னிறுத்தாமல், கண்டவற்றையே பேசவிட்டார். அயல்நாடுகளில் கூர்மையடைந்த பார்வை வீட்டு வாசலிலும் மங்காதிருந்ததே அவருடைய பேறு.

பயணம் முடிந்து பெருங்குடிக்குத் திரும்பும் ஓர் இளைஞருக்கும் அப்பார்வை வாய்க்கலாம். அயல்நாட்டு ஏரிக்கரையில் மணிக்கணக்கில் நின்றவர், நாள்தோறும் கடந்துசென்ற சதுப்புநிலத்தை ஒருமுறையேனும் நின்று பார்த்திருப்பாரா? அதன் ஒரு பகுதி பல்லாண்டுகளாக மாநகரின் குப்பை கொட்டும் இடமாயிற்று. கட்டடங்கள் நெருங்க நெருங்க நீர்ப்பரப்பும் சுருங்கிற்று. 2022இல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் ஒரு நிலத்தைக் காத்துவிடாது. அதை உற்றுநோக்கும் கண்களும் வேண்டும். தொலைவிலிருந்து கொண்டுவரத்தக்க பொருள்களுள் அத்தகைய கண்களே விலைமதிப்பற்றவை. அவற்றுக்குப் பையில் இடமும் வேண்டியதில்லை.