டிரைவ்-இன் வாசல்ல நில்லு

கைபேசி வராத காலத்தில் மெட்ராஸில் ஒருவரைச் சந்திக்க வேண்டுமென்றால் இடம்தான் முக்கியம். நேரம் முன்னே பின்னே இருக்கலாம். "டிரைவ்-இன் வாசல்ல நில்லு, வந்துடறேன்" என்றால் போதும். வருகிறவன் முக்கால் மணி தாமதமானாலும் நிற்கிறவனுக்குக் கஷ்டமில்லை. உள்ளே போய் ஒரு காபி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். பக்கத்து மேஜையில் தெரிந்த முகம் எப்படியும் ஒன்று இருக்கும். கடைசியில் வர வேண்டியவன் வந்து சேரும்போது பேச்சு எங்கோ போயிருக்கும். அவனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான்.

அது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டலின் வாசல்; பார்த்தவர்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெமினி மேம்பாலம் இறங்கி கதீட்ரல் ரோடில் திரும்பினால் வெயில் சட்டென்று குறைந்துபோகும். அத்தனை மரம். தோட்டக்கலைச் சங்கத்து நிலம் அது; 1835-இல் தொடங்கிய சங்கம். கேட்டுக்குள் நுழைந்ததும் ஈர மண் வாசனை, அதன் மேல் உதிர்ந்த இலை வாசனை, இன்னும் பத்தடி போனால் இரண்டையும் தள்ளிக்கொண்டு சாம்பார் வாசனை வரும். வெங்காயச் சாம்பார். கார்க்காரர்கள் மரத்தடியில் நிறுத்திக்கொள்வார்கள். ஸ்கூட்டர்காரர்களும் பஸ்ஸில் வந்தவர்களும் நடுவில் இருந்த கூடத்துக்குப் போவோம். எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே டிகாக்‌ஷன்.

கார் கண்ணாடி பாதி இறங்குகிறது. சர்வர் தட்டைக் கொண்டுவந்து கதவில் மாட்டுகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். பின்சீட்டுப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பார்கள். பெரிய பூரி பொங்கிக்கொண்டு வரும். ஓரத்தில் விரலால் குத்தினால் சூடான காற்று முகத்தில் அடிக்கும், எண்ணெயும் கோதுமையும் கலந்த காற்று. கொண்டைக்கடலை மசாலாவின் மேல் நறுக்கிய வெங்காயம், பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு. காக்கைகள் கிளையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். யாராவது ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், வடை போய்விடும். "போகட்டும் விடு, முன்னோர்" என்று சொல்லும் பாட்டிகளும் அந்தக் கார்களில் இருந்தார்கள்.

இதை நடத்திய உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ் தென் கன்னடத்திலிருந்து வந்தவர். சின்ன வயதில் அடுக்களைகளில் எடுபிடி வேலை பார்த்து, படிப்படியாக மேலே வந்தவர். 1938-இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான மாளிகையில் ஹோட்டல் தொடங்கினார். சுற்றிலும் அடர்ந்த மரங்கள் இருந்ததால் உட்லண்ட்ஸ் என்று பெயர். அந்தப் பெயருக்கு முழு நியாயம் கிடைத்தது 1962-இல், இந்த டிரைவ்-இன் வந்தபோதுதான் என்று நான் சொல்வேன். மரத்தை வெட்டாமல், மரத்தடியிலேயே கடை போட்ட மனிதர்.

இப்படி உடுப்பி ஹோட்டல் என்றால் கன்னடமும் சேர்ந்து வரும். நம்மிடம் தமிழ் பேசும் சர்வர், உள்ளே திரும்பி "ஒந்து மசாலா, எரடு காபி" என்று குரல் கொடுப்பார். நாமும் "ராயரே, சக்கரை கம்மி" என்போம். எதையும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லி, பாதியில் மாற்றி, ஒருவன் கடைசியில் எழுந்து போய்விட்டாலும் பில் சரியாக இருக்கும். பில்லைத் தண்ணீர் படாத மூலையாகப் பார்த்து வைத்து, மேலே டம்ளரை நிறுத்துவார்கள். பழகின சர்வர் என்றால் அந்தப் பில்லே சீக்கிரம் வராது. 'இன்னும் உட்காரலாம்' என்று அதற்கு அர்த்தம். யாரும் வாயால் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

யார் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள்! காலையில் நடைப்பயிற்சி முடித்துப் பொங்கலுக்கு வரும் பெரியவர்கள். பத்து மணிக்கு மருந்துக் கம்பெனி ரெப்புகள், தோல் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குப் பார்க்க வேண்டிய டாக்டர்களைப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். பதினொன்றுக்கு மேல் சினிமாக்காரர்கள். ஓர் உதவி இயக்குநர் மேஜையில் விரலால் தண்ணீர்க்கோடு போட்டு, "இங்க கேமரா, இங்க ஹீரோயின்" என்று காட்டிக்கொண்டிருப்பார். கோடு காய்வதற்குள் காட்சி மாறிவிடும். மத்தியானம் பத்திரிகைக்காரர்கள். சாயங்காலம் ஒரு குடும்பம் இந்தப் பக்கம், இன்னொரு குடும்பம் அந்தப் பக்கம், நடுவில் தலை குனிந்த பெண்ணும் தலை குனிந்த பையனும். எத்தனை கல்யாணம் அங்கே ரவா தோசையோடு முடிவானதோ. அவர்கள் எல்லோரும் கொடுத்தது ஒரு டிபன் காசும் காபிக் காசும்தான். உட்காருவதற்குத் தனியாக யாரும் காசு கேட்டதில்லை.

மழை நாளில் அங்கே இருந்திருக்கிறீர்களா? கூடத்துக் கூரை மேல் மழை கொட்டும். டம்ளரும் டபராவும் மோதும் சத்தம்கூடக் கேட்காது. பேச்சு நின்றுபோய் எல்லோரும் வெளியே மரங்களையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு யாராவது ஒருவர் "இன்னொரு ரவுண்டு காபி?" என்பார்.

டிரைவ்-இன்னைப் பேச ஆரம்பித்தால் கால் தானாகவே சஃபையர் பக்கம் போகிறது. சஃபையர், ப்ளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர். சஃபையர் 1964-இல் 'கிளியோபாட்ரா'வோடு திறந்தது. ஆனால் நம்முடைய இடம் ப்ளூ டைமண்ட். தொடர்ச்சியாகப் படம் ஓடும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். சித்திரை வெயிலில் நடுப்படத்தில் போய் உட்கார்ந்து, முடிவைப் பார்த்து, பிறகு ஆரம்பத்தைப் பார்த்து, கதையை நாமே ஒட்டிக்கொள்வோம். அந்தக் குளிர்ச்சிக்காகவே டிக்கெட் வாங்கி, தூங்கிவிட்டு வந்தவர்கள் உண்டு. வெளியே வந்தால் மவுண்ட் ரோடு அனல் முகத்தில் அடிக்கும். நேராக டிரைவ்-இன். படத்தைவிட அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு நீளமாக இருந்த நாட்கள் அவை.

எழும்பூர் பக்கம் என்றால் தாசப்பிரகாஷ். ரயிலிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு அது தங்கும் ஹோட்டல். நமக்கு அது ஐஸ்கிரீம். அப்பா சம்பளம் வாங்கிய வாரத்தில் மட்டும் போகிற இடம். கண்ணாடிக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். அதில் விரலால் பெயர் எழுதிவிட்டுத்தான் ஸ்பூனைக் கையில் எடுப்போம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அந்தக் கட்டடம் இப்போது இல்லை.

அங்கிருந்து சென்ட்ரலுக்கு நடந்தால் மூர் மார்க்கெட். செங்கல் சிவப்புக் கட்டடம், வளைவு வளைவாகத் தாழ்வாரம். பழைய புத்தகக்காரர்கள் நம் முகத்தைப் பார்த்தே விலை சொல்வார்கள். நாமும் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் பத்தடி நடப்போம். பின்னாலிருந்து "சார், நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்று குரல் வரும். பழுப்புக் காகித வாசனை, கிராமபோன் தட்டுகளில் படிந்த தூசி, கூண்டுக் கிளிகளின் கத்தல். வாங்கிய புத்தகத்தில் முன்னால் வைத்திருந்தவரின் கையெழுத்து இருக்கும்: ஊர், தேதி, சில சமயம் ஒரு வாழ்த்து. அந்த வாழ்த்தையும் சேர்த்துத்தான் அவர் விற்றிருக்கிறார் என்று நினைக்கும்போது கொஞ்சம் வருத்தமாக இருக்கும். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. எத்தனை கையெழுத்துகள் அதில் போயிருக்கும். அந்த நிலத்தில் இப்போது புறநகர் ரயில்கள் கிளம்புகின்றன. நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றே பெயர். கும்மிடிப்பூண்டி வண்டிக்கு ஓடுகிற பிள்ளைகள் அந்தப் பெயரை என்னவென்று நினைப்பார்களோ.

டிரைவ்-இன் 2008-இல் மூடியது. நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது, 2010-இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா நன்றாகவே இருக்கிறது. குழந்தைகள் ஓடுகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகள் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள், பழைய மரங்களில் பலவும் நிற்கின்றன. அதற்காக நன்றி சொல்ல வேண்டும். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் நிழல் அதே நிழல்தான். சாம்பார் வாசனை வர வேண்டிய இடத்தில் மூக்கு ஒரு கணம் காத்திருக்கிறது.

நல்ல காபிக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. அன்றைக்குக் குடித்ததைவிட நல்ல காபி இன்றைக்குத் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. நின்றுகொண்டே குடிக்கிறோம். உட்காரக் கிடைத்தாலோ, இலையில் கடைசி வாய் இருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. பில் காபிக்கு முன்னால் வருகிறது. குளிர்பதனம் செய்த காபிக் கடைகளில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், வாஸ்தவம். ஆனால் மருந்து ரெப்பும் ரிட்டயரான வாத்தியாரும் வாய்ப்புத் தேடும் உதவி இயக்குநரும் தினம் போய் உட்காரும் விலையில் எதுவும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். முதலாளிகளின் கதை எங்காவது பதிவாகிவிடுகிறது. சாம்பாரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, நம் அரட்டையைக் காதில் வாங்கிக்கொண்டு, பில்லைத் தாமதமாக வைத்த அந்த சர்வர்களின் கதை பதிவாகவில்லை. அவர்களில் இளையவர்களுக்கே இப்போது வயதாகியிருக்கும். உங்கள் தெருவிலோ ஊரிலோ டிரைவ்-இன்னில், தாசப்பிரகாஷில் வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதைப் பேரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள்.