மூட்டையில் ஒரு ஊர்

செகண்ட் இயர் வைவாவில் எக்ஸ்டெர்னல் சார், "பி.பி.சி. சிமெண்ட்ல நடு 'பி' என்னப்பா?" என்றார்.

"போஸோலானா சார்."

"அப்படின்னா?"

முழித்தேன். "அது ஒரு ஊருப்பா!" என்று சிரித்துவிட்டார். வெட்கமாகப் போச்சு. சாயந்திரமே லைப்ரரிக்கு ஓடினேன்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்துக் கடலோர ஊர் போஸுவோலி. ரோமர் காலத்தில் எகிப்துக் கோதுமைக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம். அங்குள்ள எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் என்று 2000 வருடம் முன்பே விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். நம்மூர் சிமெண்டில் அந்த வேலையை அனல்மின் நிலையச் சாம்பல் செய்கிறது. பேரு மட்டும் அந்த ஊருடையது!

அதைவிட என்னை அசத்தியது, 1750-ல் தோண்டியெடுத்த ரோமானியச் சந்தை. செராபிஸ் சிலை கிடைத்ததால் ரொம்ப நாள் கோயில் என்றே நினைத்தார்களாம். அங்கே நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களில், ஆள் உயரத்துக்கும் மேலே, கடல் சிப்பிகள் துளைத்த ஓட்டைகள்! அதாவது, ஊரே கடலுக்குள் இறங்கி மறுபடி ஏறியிருக்கிறது. அடியில் இருப்பது எரிமலையாச்சே. 1970-ல் ரியோனே தெர்ரா என்ற பழைய பகுதியையே காலி செய்தார்கள். 1982-84-ல் தரை சுமார் 1.8 மீட்டர் எழும்பியது. வீடுகள் விரிசல் விட்டன, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 2005 முதல் திரும்பவும் உயர்கிறது. எந்த ஃபவுண்டேஷன் போட்டு இதைச் சமாளிப்பது, சொல்லுங்கள்?

லீவில் வீட்டுக்குப் போனேன். அப்பா லோன் போட்டுக் கட்டும் வீட்டின் வாசலில் மூட்டைகள்.

"என்னடா அப்படிப் பாக்குற? அரியலூர் சிமெண்ட்தான்."

"பேரு இத்தாலிப்பா" என்றேன்.