காந்தம் ஒட்டும் பாத்திரங்கள்

கணவர் வீட்டை விட்டு வந்த மூன்றாம் நாள் சிதம்பரத்தில் ஒரு மின்சாதனக் கடையில் நின்றிருந்தேன். கடைப் பையன் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "சார் வரலையா மேடம்?" என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பணம் கொடுப்பவர் யாரென்று தெரிந்தால் யாரிடம் பேசுவது என்று அவனுக்கு முடிவாகிவிடும். நான்தான் வாங்குகிறேன் என்றேன். "எத்தனை பேருக்குச் சமைக்கணும்?" என்றான். "எனக்கு மட்டும்" என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதுவரை நான் சமைத்த எந்த அடுப்பையும் நான் தேர்ந்தெடுத்ததில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மாவின் அடுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு பதினோரு வருடம் மாமியாரின் அடுப்பு. கேஸ் புத்தகம் முதலில் மாமனார் பெயரில் இருந்தது. அவர் காலமானதும் கணவர் பெயருக்கு மாறியது. சிலிண்டர் எந்த வாரம் தீரும் என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் பதிவு செய்யும் எண் அவருடையது. சிலிண்டர் கொண்டு வருபவரிடம் சொல்ல வேண்டிய ரகசிய எண்ணும் அவர் கைப்பேசிக்குத்தான் வரும். சண்டை நடக்கும் வாரங்களில் பதிவு செய்ய மறந்துபோவார்.

சிதம்பரத்தில் எனக்குக் கிடைத்தது மாடியில் ஓர் அறை, மூலையில் ஒரு கடப்பைக்கல் மேடை. புது கேஸ் இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். என் ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் இருப்பது நான் விட்டு வந்த முகவரி. சான்று கேட்காமல் கொடுக்கும் 5 கிலோ சிறிய சிலிண்டர் உண்டுதான். மாடியில் சிலிண்டரே கூடாது என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். ஆகவே இண்டக்‌ஷன் அடுப்பை நானே தேர்ந்தெடுத்தேன் என்பது பாதி உண்மை. மற்ற வழிகள் அடைபட்டிருந்தன. எந்த இண்டக்‌ஷன் அடுப்பு என்பது மட்டும் என் முடிவாக இருந்தது.

அன்று வாங்காமல் திரும்பினேன். "உங்ககிட்ட காந்தம் ஒட்டுற பாத்திரம் இருக்கா?" என்று பையன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த அடுப்பில் தீ இல்லை. கண்ணாடித் தட்டுக்குக் கீழே ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறி, மேலே காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. இரும்புத்தன்மை உள்ள பாத்திரத்தின் அடிப்பாகத்தில் அந்தப் புலம் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரமே சூடாகிறது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை வைத்தால் அடுப்பு இரண்டு முறை கத்திவிட்டு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் பஸ் ஏறினேன். அம்மா வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தத்தை எடுத்துக்கொண்டு சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமாக வைத்துப் பார்த்தேன். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியில் ஒட்டவில்லை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, பாட்டியின் வெண்கலப் பானை, அலுமினிய இட்லிக் குண்டான், எதிலும் ஒட்டவில்லை. எவர்சில்வரில் சிலது ஒட்டியது, சிலது ஒட்டவில்லை. நிக்கல் நிறையச் சேர்த்த, விலை கூடிய எவர்சில்வர் காந்தத்துக்குப் பிடிகொடுக்காது. தோசைக்கல்லில் மட்டும் டப்பென்று ஒட்டிக்கொண்டது. அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் பேரு வெட்டின பாத்திரமெல்லாம் அங்கதானடி கெடக்கு?" என்றாள்.

அங்கேதான் கிடக்கிறது. சீர்வரிசையாக அப்பா வாங்கிக் கொடுத்தவை. கழுத்தோரம் புள்ளி புள்ளியாக என் பெயரை வெட்டியிருக்கும். பெயர் என்னுடையது, அலமாரி அவர்களுடையது. பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லியிருக்கிறது: சீதனம் பெண்ணுக்கே சொந்தம். கணவர் வீட்டில் இருப்பதால் அது கணவருடையதாகிவிடாது. அவள் கேட்டும் திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். தீர்ப்பு தெரிந்த நான் இன்னும் கேட்கவில்லை. அந்த வாசலில் போய் நிற்க இப்போது தெம்பு இல்லை. தோசைக்கல்லையும், தட்டையான அடியுள்ள இரண்டு சட்டிகளையும், ஒரு குக்கரையும் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது கேள்வி கேட்டது நான். தொடுதிரை வேண்டாம், அழுத்தும் பொத்தான் வேண்டும் என்றேன். மாவு அரைத்த ஈரக்கையோடு தொட்டால் தொடுதிரை தடுமாறும். தோசை, பால், கறி என்று படம் போட்ட பொத்தான்களைவிட, வாட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் நேரம் வைத்து அணைக்கும் வசதியும்தான் முக்கியம். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். கைப்பேசிக்குச் சார்ஜ் போடும் சின்ன பிளக்கில் அதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பிளக் வேண்டும். அதற்கு எலக்ட்ரீஷியன் கூலியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டேன். அடியில் காற்றாடி ஓடும், சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. காபிக்கு வைக்கிற சின்னக் கிண்ணத்தைப் பல அடுப்புகள் பாத்திரம் என்றே ஒத்துக்கொள்வதில்லை. கத்தரிக்காய் சுட்டுக் கொத்சு வைப்பதும் அப்பளம் சுடுவதும் இனி இல்லை. கொத்சுக்குப் பேர்போன ஊரில் இது சின்ன இழப்பல்ல. இவ்வளவையும் எடைபோட்டு ஒன்றை எடுத்து, ஒரு கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். ரசீதில் என் பெயர் இருந்தது.

பெட்டியைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியது. "கரண்டு இழுக்குமேம்மா, அவரு கேப்பாரு" என்றார். தமிழ்நாட்டில் 2016 முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. மாடி அறைக்குத் தனி இணைப்பு கிடையாது, உள்மீட்டர்தான். நான் கொடுப்பது முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது ரூபாய். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பத்து நாள் காலையும் இரவும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதினேன். சமையலுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் ஆனது. நோட்டை அவரிடம் காட்டினேன். அவர் வாங்கி மெதுவாகப் படித்துவிட்டு, "இத அவருகிட்ட நீயே காட்டுறியா?" என்று கேட்டார். அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்காரம்மா என்று நாங்கள் கூப்பிடுகிறவர் பெயரில் வீடும் இல்லை, மீட்டரும் இல்லை.

புகை இல்லாத அடுப்பு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. ஊதுகுழலோடு வாழ்ந்த என் பாட்டி கடைசிவரை இருமினாள். விறகும் வறட்டியும் போன்ற எரிபொருள்களின் புகையால் 2020-இல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வீட்டுக்குள் அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும். அதனால் புகை போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எங்கே போனது என்பதும் தெரியும். எங்கள் மாவட்டத்திலேயே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், சுரங்கத்துக்கான கால்வாய்க்காக, கதிர் முற்றாத நெல் வயலில் பொக்லைன் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அந்த வயல்களில் நாற்று நட்டு களையெடுத்த பெண்களில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருந்திருக்கும்? என் மேடையில் இல்லாத புகைக்கு அவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். இதற்காக விறகுக்குத் திரும்பு என்று எந்தப் பெண்ணிடமும் சொல்ல மாட்டேன். புகை இல்லை என்ற பொய்யையும் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு இந்த அடுப்பின் மேல் வேறு சந்தேகம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. விழுந்த முருங்கையையும் வேம்பையும் வெட்டி அம்மா தெருவில் கல் கூட்டிச் சமைத்தாள். "கம்பி அறுந்தா என்னாடி பண்ணுவ?" என்றாள். அவள் சொல்வது நியாயம். அந்த ஊர்களில் இதை ஒற்றை அடுப்பாக நம்பக் கூடாது. முகவரி மாறியதும் என் பெயரில் ஒரு கேஸ் புத்தகமும் வாங்குவேன்.

போன மாதம் அம்மா முதுநகரில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு சிதம்பரம் வந்தாள். மண்சட்டி ஏறாத அடுப்பில் எவர்சில்வர் சட்டியை வைத்துக் குழம்பு கூட்டினாள். மீனைப் போட்டதும் வாட்டைக் குறைத்து, பன்னிரண்டு நிமிடம் வைத்து, "தானா அணைஞ்சுடும். வாம்மா, வந்து உக்காரு" என்றேன். "தானாவா?" என்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தைந்து வருடம் அடுப்பின் முன் நின்றவள் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் கரண்டியோடு அங்கேயே நின்றாள். அடுப்பு கத்தி அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இதத் தூக்கிப் பஸ்ஸுல வெச்சுக்கலாம் இல்ல?" என்று கேட்டாள்.