இரண்டு பிள்ளை, மூன்று சக்கரம்

அப்பாவுக்குத் தென்காசியில் சைக்கிள் கடை. வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராயில், கோட்டம் எடுப்பது எல்லாம் உண்டு. பத்து வயதில் வந்து ஒட்டிக்கொண்ட பையன்கள் தொழில் படித்து எதிர்த்தெருவிலேயே கடை போட்டார்கள். நான் கடைக்குள் காலை வைத்தால், "கிரீஸ் ஒட்டிக்கிடும், உள்ள போம்மா" என்பார். முதன்முதலில் நான் ஸ்பேனர் பிடித்தது முப்பத்து நாலு வயதில், கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில், சனிக்கிழமை மட்டும் திறக்கிற ஒரு தன்னார்வ சைக்கிள் பட்டறையில். அங்கேயும் சைக்கிளுக்காகப் போகவில்லை. பிள்ளைகளை வைத்துத் தள்ளுகிற வண்டிக்காகப் போனேன்.

அப்போது மூத்தவனுக்கு மூன்றரை வயது, சின்னவளுக்கு ஒன்பது மாதம். காலையில் கொஞ்ச தூரம் ஓடினால்தான் அன்றைக்குத் தலை தெளிவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. ஆனால் இரண்டையும் யாரிடம் விட்டுவிட்டு ஓடுவது? கூட்டிக்கொண்டேதான் ஓட வேண்டும். அதற்கென்றே டபுள் ஜாகிங் ஸ்ட்ரோலர் என்று ஒரு வண்டி இருக்கிறது. பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் ஒன்று, மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. புதிதாக நல்லதாக வாங்கினால் ஐநூறு டாலரைத் தாண்டிவிடும் என்று யாரோ வைத்திருந்த பழசை எண்பது டாலருக்கு வாங்கினேன்.

மறுநாளே அலமேடா ஓடைக்கரைக்குப் போனோம். நைல்ஸ் பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து விரிகுடா வரைக்கும் ஏறக்குறைய 12 மைல் போகும் பாதை அது. தென்கரையில் தார் போட்டிருக்கும், வடகரையில் சரளை. தார்ப் பக்கமாகத்தான் ஓடினேன். இருநூறு அடிகூடப் போயிருக்க மாட்டேன், முன்சக்கரம் படபடவென்று இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. வண்டி கரைச்சரிவுப் பக்கமாக இழுத்தது. கைப்பிடியை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டி தேய்ந்துபோனது. பிள்ளைகள் இரண்டும் இன்னொரு தடவை என்று சிரித்தன.

உடைந்த வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பேருந்து மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மெக்சிகோக்காரர். அவர் வண்டியைக் கவிழ்க்கவில்லை, ஸ்பேனரை எடுக்கவில்லை. முன்சக்கரத்துக்கு மேலே இருந்த ஒரு சின்னக் குமிழைக் கட்டைவிரலால் திருகினார். 'டக்' என்றது.

"நடக்கும்போது சக்கரம் திரும்பலாம். ஓடும்போது பூட்டணும்."

அவ்வளவுதான் விஷயம். வண்டியில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம்தான். என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, "சனிக்கிழமை வர்றியா? கை போதல இங்க" என்றார்.

அந்த ஊரில் எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. மனதுக்குள் மேஸ்திரி என்றே வைத்திருந்தேன், ஒருநாள் அது வெளியே வந்துவிட்டது. என்ன அது என்று கேட்டார், சொன்னேன். "எங்க ஊர்ல மெக்கானிக்க மயெஸ்த்ரோன்னு கூப்பிடுவாங்களே!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நம்முடைய மேஸ்திரி போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன சொல், அவருடையது ஸ்பானிய மொழி. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதிலிருந்து அவர் எனக்கு மேஸ்திரிதான்.

முதல் மூன்று மாதம் பஞ்சரைத் தவிர வேறு எதையும் தொடவிடவில்லை. அப்பா கடையில் பார்த்த அதே வேலைதான்: தண்ணீர் வாளியில் ட்யூபை அமுக்கி முட்டை எங்கே வருகிறது என்று பார்ப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, சொல்யூஷன் தடவி உலரவிடுவது. எனக்குப் புதிதாக இருந்தது டயரைத் தடவும் விதம். ட்யூபை ஒட்டி மாட்டினால் மட்டும் போதாது. குத்தினது டயருக்குள்ளேயே இருந்தால் அடுத்த நாளும் குத்தும். விரலால் தடவினால் விரல் கிழியும். மேஸ்திரி ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உள்பக்கம் சுற்றி இழுப்பார், பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே முள்.

ஒரு தடவை பஞ்சு சிக்கிய இடத்தில் இடுக்கியால் பிடுங்கி என் உள்ளங்கையில் போட்டார். இரண்டு கொம்போடு, மரக்கலரில், கடலைப்பருப்பு அளவுக்கு ஒன்று. ஆட்டுத்தலை முள்ளு என்று இவர்கள் சொல்கிற களைச்செடி, டயருக்கு இந்தப் பக்கத்தில் இதைவிடப் பெரிய எதிரி கிடையாது என்றார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நெருஞ்சி! ஆச்சி நீர்க்கடுப்புக்குக் கஷாயம் போடுகிற அதே நெருஞ்சி, பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடு குறுக்குவழியில் போனால் நொண்டிக்கொண்டு வரவைக்கிற அதே முள். ஒரே செடி, தாவரவியல் பெயரும் ஒன்றுதான். மஞ்சள் பூ பூக்குமா என்று கேட்டேன். "உனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

அந்த முள்ளிலிருந்துதான் வண்டி தேர்வு செய்வதன் முதல் பாடம் எனக்குத் தொடங்கியது. காற்று அடைக்கிற டயரா, உள்ளே நுரை அடைத்த கெட்டி டயரா? கெட்டி டயருக்குப் பஞ்சர் இல்லை, பம்ப் வேண்டாம். ஆனால் தரையின் ஒவ்வொரு மேடும் பிள்ளையின் முதுகுக்குப் போகும். காற்று டயர் அதைத் தான் வாங்கிக்கொள்ளும், கூடவே நெருஞ்சியையும் வாங்கிக்கொள்ளும். வடகரைச் சரளையில் ஓடுகிறவர்களுக்குக் காற்று டயர்தான், சந்தேகமே இல்லை. ட்யூபுக்குள் ஓட்டையை அடைக்கும் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றிவைத்துக்கொள்ளலாம். மளிகைக்கடைக்கும் பூங்காவுக்கும் மட்டும் போகிறவர் அந்த அவஸ்தையை ஏன் படவேண்டும்?

சக்கரத்தின் அளவும் அப்படித்தான். விமான நிலையத்தில் குடைபோல் மடக்குகிற மெல்லிசான வண்டி இருக்கிறதே, அது 1965-ல் ஓவன் மக்லாரன் வடிவமைத்தது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக் கால்களில் வேலை செய்த பொறியாளர், அதனால் மடக்குவது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் அந்தக் குட்டிச் சக்கரம் நடைபாதை வெடிப்பில் விழுந்தால் விழுந்ததுதான். ஓடுகிற வண்டி வேறு வழியாக வந்தது. வாஷிங்டன் மாநிலத்து யாகிமாவில் பத்திரிகையில் வேலை பார்த்த ஃபில் பேக்லர், மகனோடு ஓடவேண்டும் என்று தள்ளுவண்டியில் சைக்கிள் சக்கரத்தை மாட்டிப் பார்த்து, 1984-ல் அதையே தொழிலாக்கினார். பின்னால் 16 அங்குலம், முன்னால் 12 அங்குலம் என்பது இன்றைக்குப் பரவலான அளவு. எனக்கு இந்தக் கதை பிடிக்கும். கடையில் பளபளவென்று நிற்கிற வண்டிக்கும் பட்டறைதான் பூர்வீகம்.

மூன்று மாதம் கழித்து மேஸ்திரி அரிசி மூட்டை கொண்டுவரச் சொன்னார். எதற்கென்று தெரியாமல் இருபது பவுண்டு சோனா மசூரி ஒன்றும் நாற்பது பவுண்டு ஒன்றும் தூக்கிக்கொண்டு போனேன். வலது இருக்கையில் பெரியது, இடதில் சின்னது. என் மூத்தவனும் சின்னவளும் கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். முன்சக்கரத்தைப் பூட்டி, பட்டறை முற்றத்தில் தள்ளிவிட்டுக் கையை எடுக்கச் சொன்னார். வண்டி பத்தடி நேராகப் போய், மெதுவாக வலப்பக்கம் சாய்ந்து திரும்பி, குப்பைத்தொட்டியில் முட்டியது. கனமான பக்கத்துச் சக்கரம் அதிகமாக அமுங்கி அதிகமாக இழுபடுகிறது. ஓடும்போது அந்த இழுப்பை மணிக்கணக்கில் தாங்குவது நம் மணிக்கட்டு. தினமும் ஓடிவிட்டு வந்து எனக்கு இடது கை ஏன் வலித்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

சரிசெய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பின்சக்கரம் இரண்டிலும் காற்று ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் 30 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது, டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். அடுத்தது கோட்டம். அதற்குப் பிறகுதான் முன்சக்கர அச்சில் இருக்கும் திருகு. அதைக் கால் சுற்று திருகி, தள்ளிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. ஆரம்பத்தில் நான் திருகையே முதலில் தொடுவேன். "காய்ச்சல் இருக்கான்னு பாக்காம மருந்து குடுக்குற" என்பார். இந்தத் திருகு இல்லாத வண்டிகளும் உண்டு. இரண்டு பிள்ளைக்கும் வயது வித்தியாசம் இருக்கிறவர்கள் அப்படிப்பட்டதை வாங்காமல் இருப்பது நல்லது. இரட்டைப் பிள்ளைக்காரர்களுக்கு அவ்வளவு கவலை இல்லை.

அரிசி மூட்டை ஏற்றிய அன்றைக்கு அவர் கோபப்பட்டதும் ஒன்று உண்டு. முற்றத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, வண்டியைக் கையோடு கட்டிவைக்கிற மணிக்கட்டுப் பட்டையை நான் மாட்டியிருந்தேனா என்று பார்த்திருக்கிறார். மாட்டவில்லை. அரிசிதானே என்றேன். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு காலி வண்டியைத் தள்ளினாலும் பட்டையை மாட்டிவிட்டுத்தான் தள்ளுகிறேன். அதேபோல, நெம்புகோல் வைத்துக் கழற்றுகிற முன்சக்கரமாக இருந்தால், கிளம்பும் முன் வண்டியின் மூக்கைத் தூக்கிச் சக்கரத்தை ஒரு குத்து குத்திப் பார்ப்பதும் வழக்கம். வேகத்தில் அது கழன்றால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

ஆறாவது மாதத்தில் எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் என்னை அனுப்ப ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எடை, அகலம், அச்சு எல்லாம் வாயில் தயாராக இருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பதி பத்துமாத இரட்டையரோடு வந்தார்கள். கூட, ஆறுமாத விசாவில் வந்திருந்த கணவரின் அம்மா. ஓடுவீர்களா என்றேன். "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா ஓடுவோம்ங்க" என்றார் கணவர். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஓட்டத்துக்குப் பிள்ளைக்கு ஆறு மாதமாவது முடிந்திருக்க வேண்டும், எட்டு மாதம் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. கழுத்து நின்றாக வேண்டும். அதெல்லாம் சரியாக இருந்தது. பதினெட்டு கிலோ கனத்தில், முன்சக்கரம் திரும்பவே திரும்பாத, ஓட்டக்காரர்களுக்கான வண்டி ஒன்றைச் சொன்னேன். நேராக ஓடுவதற்கு அதைப்போல வேறில்லை. வாங்கிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா மட்டும் மருமகளோடு வந்தார். கைப்பிடி அவர் நெஞ்சுக்கு மேலே இருந்தது.

"ஏங்கண்ணு, இத நாந் தள்றனா, இது என்னயத் தள்ளுதா?"

விஷயம் இதுதான்: வாரத்தில் ஐந்து நாள் எங்கள் ஊர் எலிசபெத் ஏரியை இரட்டையரோடு சுற்றுவது அவர். ஒரு சுற்று இரண்டு மைல். முன்சக்கரம் திரும்பாத வண்டியில் வளைவு வந்தால் கைப்பிடியைக் கீழே அமுக்கி, மூக்கைத் தூக்கி, பின்சக்கரத்தில் திருப்ப வேண்டும். வண்டியும் பிள்ளைகளுமாக முப்பத்தைந்து கிலோ. ஏரியில் எத்தனை வளைவு! தோள்பட்டையில் தைலம் மணத்தது. நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, கைப்பிடியின் உயரம் தெரியும்.

"யார் தள்ளுறாங்கன்னு கேட்டியா?"

யார் ஓடுவார்கள் என்று கேட்டேன். யார் தள்ளுவார்கள் என்று கேட்கவில்லை.

நல்லவேளை, கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். அடுத்ததை நான் சொல்லவில்லை. ஐந்து வண்டியை வரிசையாக நிறுத்தி, இரட்டையரை உட்காரவைத்து, அந்த அம்மாவையே வாகன நிறுத்தத்தில் எட்டுப் போடச் சொன்னோம். புடவையைச் செருகிக்கொண்டு போட்டார். முன்சக்கரம் திரும்பவும் பூட்டவும் முடிகிற, கைப்பிடியை இறக்கிக்கொள்ளக்கூடிய, பதினைந்து கிலோவுக்குச் சற்றே கூடுதலான ஒன்றில் நின்றார். கையால் பிடிக்கிற பிரேக்கும் இருந்தது. "இது சொன்னபடி கேக்குதுங்கண்ணு."

அதிலிருந்து எனக்கும் ஒரு பழக்கம். எது நல்ல வண்டி என்று யார் கேட்டாலும் முதலில் அளவு டேப்பைக் கொடுப்பேன். பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் ஓட்ட வண்டிகள் பெரும்பாலும் 30, 31 அங்குல அகலம். பொதுக் கட்டடங்களின் கதவு 32 அங்குலமாவது திறக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் சொல்கிறது. பழைய அடுக்ககத்தின் உள்கதவுகளுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அனாஹைம் டிஸ்னிலாந்துக்குக் கொண்டுபோகிற எண்ணம் இருந்தால் 31 அங்குலத்துக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். கார் டிக்கியை மறந்துவிட்டு வாங்கியவர்கள் பட்டறை வாசலில் நின்று சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பழைய வண்டி என்றால் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த தேதியைப் பார்க்கச் சொல்வேன். ஸ்ட்ரோலர்களுக்கான கட்டாயப் பாதுகாப்பு விதி 2015 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. எண்பது டாலருக்கு வாங்கியபோது நான் அந்தச் சீட்டைத் தேடக்கூட இல்லை.

மூத்தவன் இப்போது வண்டியில் ஏற மாட்டேன் என்கிறான், கூடவே ஓடி வருகிறான். ஒரு பக்கம் காலியாகிவிட்டதால் வண்டி மறுபடியும் இழுக்க ஆரம்பித்தது, திருகு போதவில்லை. சனிக்கிழமை பட்டறை முடிந்து இந்தியக் கடை வழியாகத் திரும்பும்போது மட்டும் நேராகப் போகிறது. வலது இருக்கையில் சோனா மசூரி இருபது பவுண்டு. ஐந்து முனை பெல்ட்டும் போட்டிருக்கிறேன். சின்னவள் அடிக்கடி அதைத் தட்டித் தூங்கவைக்கிறாள்.