தண்டரைக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே

விழுப்புரத்திலிருந்து காட்பாடி வரை சுமார் 160 கிலோமீட்டர். அதில் எனக்கு நன்றாகத் தெரிந்தது ஐந்தாறு கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் ஜன்னல் வழியே பார்த்தது.

விழுப்புரத்தில் வண்டி மாறி மேற்கே திரும்பினால் மாம்பழப்பட்டு வரும். 1896இல் மதுரையிலிருந்து புறப்பட்ட வேங்கடராமன் என்ற பையன், பின்னாளின் ரமணர், திண்டிவனத்தில் இறங்கித்தான் அண்ணாமலைக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்தான். விழுப்புரத்திலிருந்தே பாதை போட்டாகிவிட்டது என்று வண்டியில் ஒரு மௌல்வி சொன்னார். கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து நடை. பையன் நினைத்த திண்டிவனம் பாதை செஞ்சி வழியாக 2006 வாக்கில் காகிதத்தில் வந்தது. தண்டவாளம் இன்னும் வந்து சேரவில்லை.

திருக்கோவிலூர் ஸ்டேஷன் திருக்கோவிலூரில் இல்லை. ஆற்றுக்கு இக்கரையில் அரகண்டநல்லூரில் இருக்கிறது. ஆதிச்சனூர், அண்டம்பள்ளம் தாண்டினால் தண்டரை. இனிமேல் மெதுவாகத்தான் போவேன்.

தண்டரைக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே என் தாத்தா கீமேன். கேங்மேனாகச் சேர்ந்து கீமேன் ஆனவர். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சுருட்டிய கொடிகள். விடிந்ததும் போகும்போது ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போவார், திரும்பும்போது இன்னொன்றை. ஸ்லீப்பரில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவியைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். கணீரென்றால் மேலே நடப்பார். மொத்தென்றால் உட்கார்ந்துவிடுவார். வெயில் ஏறுவதற்கு முந்தைய மாதங்களில் தண்டவாள மூட்டின் ஃபிஷ் பிளேட்டைக் கழற்றி எண்ணெய் போட வேண்டும். கோடையில் இரும்பு நீளும்போது அந்த மூட்டில் வழுக்கிக்கொண்டு நகர இடம் வேண்டுமே. எனக்குக் கணக்கு சொல்லித்தராத தாத்தா இதைச் சொல்லித்தந்தார்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார். ரயில்காரர்களுக்குப் போர் என்பது வேறு சங்கதி. பக்கத்து மாவட்டத்தில் மொரப்பூர்–ஓசூர் பாதையை அந்தக் காலத்தில்தான் பெயர்த்தெடுத்தார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையும் போய்விட்டது; அதன்பின் கிருஷ்ணகிரி இன்றுவரை ரயிலைப் பார்க்கவில்லை. எங்கள் பாதை தப்பியது, ஆனால் தேய்ந்து போயிருந்தது. கட்டை மக்கினால் மாற்றுக் கட்டை வராது, ஜல்லியை இறுக்கி இறுக்கியே ஓட்ட வேண்டும். போர் முடிந்ததும் கிடைத்தது ஆட்குறைப்புப் பேச்சும் ஏறிய விலைவாசியும். 1946 ஆகஸ்ட் 24 அன்று தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 5 அன்று திருச்சி பொன்மலையில் மலபார் போலீஸ் சுட்டதில் 5 தொழிலாளர்கள் செத்தார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்தது கல்லூரிக்குப் போன பிறகு. படித்ததைச் சொன்னபோது தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார். பாட்டிதான் பேசினாள்.

"அந்த மாசம் உங்க தாத்தா லைனுக்கே போவல. சம்பளமும் இல்ல. என் கால் தண்டை போச்சு, கூழு குடிச்சோம். ஆனா என்னிக்காவது ஒரு வண்டி போச்சுன்னா திண்ணையில எழுந்து நின்னு காது குடுப்பாரு. 'அங்க ஆடுது'ன்னுவாரு. வேலைக்குத் திரும்பின அன்னிக்கு நேரா அந்த எடத்துக்குத்தான் போனாரு."

தண்டை மீட்கப்படவே இல்லை. பாட்டி கடைசிவரை வெறுங்காலோடுதான் இருந்தாள்.

கார்த்திகை தீபத்தன்று தாத்தா கோயிலுக்குள் நின்றதில்லை. ஸ்பெஷல் வண்டிகள் ஓடும் நாளில் லைனை விட்டு எப்படி நகர முடியும்? எனக்குப் பத்து வயதிருக்கும், எழுபதுகளின் தொடக்கம். தூக்குவாளியில் சோறு கொண்டுபோய் லைனோரம் அவரோடு உட்கார்ந்திருந்தேன். விழுப்புரத்திலிருந்து வந்த வண்டி சிக்னல் கிடைக்காமல் நின்றிருந்தது. கூரை மேலெல்லாம் ஜனம். மாலை ஆறு மணி. மலை கருத்திருந்தது. திடீரென்று கூரையிலிருந்து ஒரு கிழவி வீலென்று கத்தினாள், பிறகு வண்டி முழுக்க "அரோகரா". பெட்டியிலிருந்து குதித்துச் சரளைக் கல்லிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். டிரைவரும் இறங்கி, கரி படிந்த கையைக் குவித்தார். தாத்தாவும் கும்பிட்டார், ஒரு நொடிதான். பிறகு தன் கைவிளக்கைத் திறந்து திரியைப் பார்த்தார்.

"மேல எரியறதுக்கு ஊரே நெய் குடுக்குது. இதுக்கு நான்தான்டா எண்ணெய் ஊத்தணும்."

சிக்னல் விழுந்தது. விழுந்து கும்பிட்டவர்களை எழுப்பி வண்டியில் ஏற்றுவதற்குள் அவருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

திருவண்ணாமலைக்கு வடக்கே துரிஞ்சாபுரம், அகரம் சிப்பந்தி, செய்யாற்றுப் பாலம், போளூர். ஆரணி ரோடு என்று பலகை இருக்கும், இறங்கினால் களம்பூர். கண்ணமங்கலம், கணியம்பாடி, வேலூர் கண்டோன்மென்ட். காட்பாடிக்கு முன் பாலாறு: மணலைச் சுரண்டி, தோல் கழிவை விட்டு நாம் செய்துவைத்த ஆறு.

2007இல் மீட்டர் கேஜை மூடினார்கள். 2010இல் அகலப் பாதை வந்தது. பாதை அகலமானது, ஆனால் சென்னைக்கு இருந்த நேரடி வண்டி போய்விட்டது. 17 ஆண்டு கழித்து, 2024 மே மாதம்தான் பீச்–வேலூர் வண்டியைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். அப்போது கட்டணம் 50 ரூபாய். கோயில் நகரத்துக்குப் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கில் ஜனம் வரும் என்பதைக் கண்டுபிடிக்க இத்தனை காலமா வேண்டும்? தண்டரைப் பக்கம் தாத்தா மழைக்கு ஒதுங்கிய கேங் குடிசை இருந்த இடத்தில் இப்போது கருவேலமுள்.

அவருடைய பித்தளை வில்லை என்னிடம் இருக்கிறது. எண் தேய்ந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு வில்லை கிடந்தால், 1946இல் அந்த ஒரு மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று பாட்டிகளிடம் கேளுங்கள். தாத்தாக்கள் சொல்ல மாட்டார்கள்.