மலைச் செடியும் புகைப்படமும்

மலைப் பிரதேசங்களுக்குப் பிரயாணம் செல்பவர்கள் முன்னாளில் குடையும் கம்பளியும் மறவாமல் எடுத்துச் சென்றார்கள். இந்நாளில் குடையை மறந்தாலும் மறப்பார்கள், கைபேசியை மறக்கமாட்டார்கள். மலையைக் கண்ணாரக் காண்பதற்கு முன்பே அதைப் படம் பிடித்து விடுகிறார்கள். வீடு திரும்பிய பின் நூறு படங்களைப் புரட்டி, "இது என்ன பூ?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விழிக்கும்போதுதான் கண்டதற்கும் அறிந்ததற்கும் உள்ள தூரம் புலப்படுகிறது.

கோடை விடுமுறை ஒன்றில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் நால்வர் குடும்ப சகிதமாக நீலகிரிக்குச் சென்றிருந்தோம். காணும் செடிகளையெல்லாம் படமெடுத்து, பெயர் கண்டு, மாணவர்களுக்காக ஓர் ஏடு தயாரிக்க வேண்டும் என்பது எங்கள் சங்கற்பம். தொட்டபெட்டாவின் சரிவிலும் அவலாஞ்சிப் பக்கத்திலும் மூன்று நாட்கள் அலைந்தோம். எங்களுடன் வந்த காவலர் ஒருவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த படகர். அவரிடம் கைபேசியும் இல்லை, தாவர நூலும் இல்லை. ஆனால் செடியைக் கண்டதும் அவர் செய்த காரியங்கள் எங்களுக்கு ஒரு பாடமாக அமைந்தன. இலையைக் கசக்கி மோந்தார். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தார். காய் இருக்கிறதா என்று தேடினார். பூவைக் கடைசியில்தான் கவனித்தார். நாங்களோ பூவை மட்டுமே படமெடுத்துக் கொண்டிருந்தோம்.

பூவை மட்டும் படமெடுத்தால் என்ன சங்கடம் நேரும் என்பதற்கு நீலகிரியின் மஞ்சள் பூக்களே சாட்சி. அவரைப் பூவின் வடிவில், பொன்னிறத்தில் மலர்பவை அங்கே பல உண்டு. அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று நம் நாட்டுக் கிலுகிலுப்பை. தாவர நூலார் குரோட்டலேரியா என்பார்கள். மற்ற இரண்டும் ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவை. அவற்றில் ஒன்றன் பெயர் சைட்டிஸஸ் ஸ்கோபேரியஸ், மற்றொன்று யூலெக்ஸ் யூரோப்பியஸ். மூன்றின் பூக்களையும் நெருங்கி நின்று எடுத்த படங்களை வரிசையாக வைத்தால், தேர்ந்த கண்களும் சற்றுத் தயங்கும். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி ஒன்று எங்கள் மாணவன் ஒருவனிடம் இருந்தது. ஒரே புதரின் மூன்று படங்களுக்கு அது மூன்று பெயர்களைத் தந்தது. மூன்றையும் சிறிதும் கூச்சமின்றித் தந்தது!

பூவை விட்டுச் சற்றுக் கீழே கண்ணை ஓட்டினால் குழப்பம் தீர்ந்து போகும். யூலெக்ஸ் புதர் முழுவதும் கூரிய முட்கள். சைட்டிஸஸுக்கு முள் கிடையாது. விளக்குமாற்றுக் குச்சிகளைப் போன்ற பச்சைத் தண்டுகளில் வரிவரியாக மேடுகள் ஓடும். அதன் காய் முற்றிக் கறுத்தபின், வெயில் ஏறும் வேளையில் படீரென்று வெடித்து விதைகளைத் தெறிக்கும். கிலுகிலுப்பையின் காய் உப்பிய பை போன்றது. உலர்ந்ததும் விதைகள் உள்ளே குலுங்கி ஓசையிடுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. யூலெக்ஸ் பூவை மோந்தால் தேங்காயின் மணம் வீசும். அந்த மணத்தைப் பிடிக்கும் புகைப்படக் கருவியை இன்னும் எவரும் செய்யவில்லை!

"எதுவாய் இருந்தால் என்ன? மூன்றும் அழகாகத்தானே இருக்கின்றன?" என்று நேயர்கள் கேட்கலாம். எங்களில் கணக்கு ஆசிரியரும் அதையேதான் கேட்டார். காவலர் பதில் சொல்லாமல் எதிர்ச் சரிவைக் காட்டினார். ஒரு பாதி பழைய புல்வெளி. மற்றொரு பாதி மஞ்சள் புதர். "இந்தப் புதருக்குள்ளே புல் முளைக்காதுங்க ஐயா. எருமை இதைத் தொடாது. எங்க அப்பா காலத்திலே இது முழுக்கப் புல்லு" என்றார். நீலகிரியின் உச்சிகளில் பள்ளங்களில் சோலைகளும் மேடுகளில் புல்வெளிகளுமாக அமைந்திருப்பதே இயற்கை. மழைநீரை உறிஞ்சி, ஓடைகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுப்பவை அவை இரண்டும்தான். அந்தப் புல்வெளிகளின் மீது ஆஸ்திரேலியச் சீகை மரமும் கற்பூர மரமும் ஒரு பக்கம் பரவின. இந்த மஞ்சள் புதர்கள் மறு பக்கம் பரவின. வெட்டினாலும் இவை எளிதில் ஒழிவதில்லை; விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்துக் கிடக்கின்றன. ஆகவே, "அழகான பூ" என்று நாம் ஊரெல்லாம் காட்டி மகிழும் படம், ஒரு மேய்ச்சல் நிலம் அழிந்துவரும் காட்சியின் படமாகவும் இருக்கக்கூடும். களைய வேண்டியது எது, காக்க வேண்டியது எது என்று அறிவதற்குப் பெயர் தெரிந்தாக வேண்டும்.

பெயரைப் பிழையாக அறிவதால் உயிருக்கே தீங்கு வருவதும் உண்டு. பாதையோரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்த ஒரு செடியைக் கண்டதும் கணக்கு ஆசிரியரின் மனைவி, "அடடா, சுண்டைக்காய்! வற்றல் போட்டு வைக்கலாமே!" என்று முந்தானையை விரித்துவிட்டார். கைபேசிச் செயலியும் சுண்டை என்றே சொன்னது. காவலர்தான் ஓடி வந்து, "வேண்டாம்மா! அது சுண்டை இல்லீங்க!" என்று தடுத்தார். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஸொலானம் மாரிஷியானம். சுண்டையின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும் அதன் காய்கள், முக்கியமாகப் பழுக்காதவை, நஞ்சுடையவை. சுண்டைக்கு வெள்ளைப் பூ. தண்டில் அங்கங்கே முள் இருக்கும். இதற்கு ஊதாப் பூ; முள் இல்லை. இலைக்காம்பின் அடியில் காது மடல் போன்ற சிறு இலைகள் வேறு உண்டு. படத்தை மட்டும் நம்பி எந்தக் காட்டுக் காயையும் கனியையும் வாயில் வைக்கலாகாது என்பதைக் குடும்பஸ்தர்கள் தங்கள் குழந்தைகளுக்கு அவசியம் சொல்லி வைக்க வேண்டும்.

செடியைப் படமாக்கி அடையாளம் காணும் கலை நேற்றுத் தோன்றியதன்று. 1838 முதல் 1853 வரை ராபர்ட் வைட் என்ற மருத்துவர் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி ஆறு பாகங்களில் 2,101 படங்களை வெளியிட்டார். நீலகிரிச் செடிகளுக்கென்றே தனி நூல் ஒன்றும் செய்தார். அவருக்காக எழுதுகோல் பிடித்த சித்திரக்காரர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டார் இருவர். பூ, இலை, காய், விதை, அறுத்துப் பார்த்த சூலகம் ஆகியவற்றைத் தனித்தனியே ஒரே தாளில் வரைந்தார்கள். அவர்களுடைய படங்களைக் கொண்டு இன்றும் செடியின் பெயரைத் துணியலாம். கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்க்கிட் செடிக்கு வைட் அவர் பெயரையே இட்டார். பின்னர், 1915 முதல் 1920 வரை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன் நீலகிரி, பழநி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றிப் படங்களுடன் நூல் வெளியிட்டார்.

அந்தச் சித்திரக்காரர்களின் முறையையே கைபேசிக்காரர்களும் கைக்கொள்ளலாம். ஒரு செடிக்கு ஐந்து படங்கள் வேண்டும்: செடி முழுவதும் அது நிற்கும் இடத்தோடு ஒன்று, பூ முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒன்று ஒன்று, இலையின் அடிப்புறமும் காம்பும் தண்டும் தெரிய ஒன்று, காய் ஒன்று. அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். இடம், உயரம், தேதி, மணம், உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். செடியைப் பிடுங்கவே தேவையில்லை. எங்கள் முந்நூறு படங்களில் இந்த முறைப்படி எடுத்தவை நாற்பதுதான். ஏட்டில் உறுதியான பெயரோடு ஏறியவையும் பெரும்பாலும் அந்த நாற்பதே.

அந்த ஏட்டில் எங்களுக்கு மிகவும் பிரியமான பக்கத்தில் பூவே இல்லை. சதுப்பு நிலத்தில் வளரும் ஒரு சாதாரணப் புல்தான் இருக்கிறது. எரியோகிரிசிஸ் ரங்காச்சாரி என்பது அதன் பெயர். 1921-ல் தென்னிந்தியப் புற்களைப் பற்றி நூல் எழுதிய ரங்காச்சாரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீலகிரியைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் புல் இல்லை. தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வது இதைக் கொண்டுதான். மஞ்சள் பூவை நூறு பேர் நின்று படமெடுத்த இடத்தில், இந்தப் புல்லைப் பிறர் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காவலர் ஒரு தாளை ஒடிக்காமல் விரலிடையில் பிடித்துக் காட்ட, நாங்கள் ஐந்து படங்கள் எடுத்துக்கொண்டோம். மலைக்குச் செல்லும் அன்பர்கள் அடுத்த முறை தரையையும் கொஞ்சம் குனிந்து பார்த்து வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.