வண்டியின் பாரம்

எங்கள் வீட்டில் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. வெறுமையாக நிற்கையில் அதன் எடை ஏறத்தாழ முக்கால் தொன். இலேசான வண்டியாதலால் ஸ்ரியறிங் கைக்கு இதமாகத் திரும்பும். ரயர்களும் நெடுநாள் உழைக்கும். ஆயின், ஐவர் ஏறி அரிசி மூடையொன்றும் வைத்தால், வெறும் வண்டியின் எடையில் ஏறத்தாழ அரைப்பங்கு கூடிவிடும். ஓடும் வண்டியின் இயக்கச் சக்தி திணிவுக்கு நேர்விகிதசமமானது. நிறுத்தும்போது அச்சக்தியைச் சிறிய பிரேக்குகளே வெப்பமாக்கித் தீர்க்கவேண்டும். "வண்டி சுமக்கும், நிற்கத்தான் யோசிக்கும்" என்பார் ஐயா. முன்சில்லுகளைத் தாங்கும் மூட்டுகளுக்கு அவர் தவறாது கிறீஸ் இடுவார். அவை வறண்டு தேய்ந்தால், ஓட்டத்திலேயே சில்லு மடிந்துவிடக்கூடும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தது. அப்போது மண்ணெண்ணெயில் ஓடிய அவ்வண்டியில் என் புத்தகப் பெட்டியை ஏற்றினேன். ஐயா ஒன்றும் பேசாது அதனை இறக்கி, அவ்விடத்தில் நடக்கமாட்டாத அயல்வீட்டு ஆச்சியை இருத்தினார். எனக்கு அடங்காத கோபம். சனவெள்ளத்தின் நடுவே நாவற்குழிவரை முதலாம் கியரில் ஊர்ந்தோம். கிளச் கருகி மணத்தது. கொதித்த றேடியேற்றருக்குப் பலமுறை தண்ணீர் வார்த்தோம். பெட்டியும் ஏறியிருப்பின் வண்டி வழியிலேயே நின்றிருக்கும்.

ஊர் திரும்பியபோது பெட்டி இருக்கவில்லை. ஆச்சி மேலும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். ஐயாவின் கணக்கில் பிழையில்லை என்பதை, பௌதிகம் கற்பிக்கும் நான் இன்று ஒப்புக்கொள்கிறேன்.